மாடி வீட்டுக்காரி வாய் மூடிய கதை

எங்கள் மாடிக்குக் குடிவந்த அன்றே, வண்டியிலிருந்து பீரோ இறங்குவதற்குள், அவள் கல்யாணத்தில் யார் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார், மாமியாருக்கு எந்தக் காது மந்தம், வீட்டுக்காரருக்கு எந்தப் பல் கட்டுப்பல் எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் எதையும் கேட்கவில்லை. “பாத்து ஏறு கண்ணு, படி ஒசரம்” என்று மட்டும்தான் சொன்னேன். அவளுக்கு அது போதும்.

செஞ்சியில் வாய் பேசத் தெரியாத ஆள் யாரும் இல்லை. என்னைக் கண்டாலே சந்தையில் நாலு பேர் அந்தப் பக்கம் திரும்பிக் கத்திரிக்காய் பொறுக்குவார்கள். ஆனால் நான் பேசுவது ஆளைக் கிள்ளிப் பார்க்க. அவள் பேச்சு வேறு. எதையும் உள்ளே போட்டு வைக்க அவளுக்கு இடமே கிடையாது.

ஒரு பொங்கலுக்கு என் மகன் எனக்குத் தெரியாமல் மூக்குத்தி வாங்கி அவளிடம் கொடுத்து வைத்தான். கொடுத்துவிட்டு அவன் தெருமுனை தாண்டியிருக்க மாட்டான். தடதடவென்று இறங்கி வந்தாள்.

“ஆயா, உங்களுக்கு ஒண்ணு வந்துருக்குது. இன்னான்னு நான் சொல்ல மாட்டேன்.”

“சொல்லாத.”

“மூக்குல போடறது. செவப்புக் கல்லு. இதுக்கு மேல சத்தியமா சொல்ல மாட்டேன்.”

கரண்ட் போனால், “ஆயா, கரண்ட் போச்சி!” என்று மேலேயிருந்து குரல் வரும். இருட்டில் உட்கார்ந்திருக்கும் எனக்கே அதைச் சொல்வாள். வந்தால் அதையும் சொல்வாள்.

நயினார் வீட்டுப் பிள்ளை அவள், சமண மதம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார்கள், தண்ணீரை வடிகட்டித்தான் குடிப்பார்கள். சர்க்கரை டப்பாவில் எறும்பு ஏறினால் நானெல்லாம் வெயிலில் வைத்து நாலு தட்டு தட்டுவேன். அவள் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். எறும்புகளோடு பேசியே அனுப்பிவைத்தாளோ என்னவோ, கொஞ்ச நேரத்தில் டப்பா சுத்தமாகிவிடும். அந்தப் பேச்சுக்கு நானாக இருந்தாலும் போய்விடுவேன்.

இப்படிப்பட்டவளுக்கு இருந்த ஒரே பைத்தியம் கம்ப்யூட்டர் விளையாட்டு. அதிலும் கத்தி, துப்பாக்கி, கோட்டை, சண்டை. வீட்டுக்காரர் நெல் மண்டிக்குக் கணக்கெழுதப் போனதும் காதில் ஒரு மாட்டலை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அவளோடு சேர்ந்து விளையாட மூன்று பேர் உண்டு. திண்டிவனத்தில் ஒரு பையன், ஆரணியில் பட்டுக்கடை வீட்டு மருமகள் ஒருத்தி, விழுப்புரத்தில் தலை நரைத்த லேத்துப் பட்டறைக்காரர் ஒருவர். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் விழுப்புரத்தாருக்கு மூல வியாதி என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். அவள் இருக்கும்போது தெரியாமல் எப்படி?

ஒருநாள் பின்னால் நின்று பார்த்தேன்.

“இன்னாடி பண்ற?”

“சண்டை ஆயா. நாங்க நாலு பேரு ஒரு பக்கம்.”

“நீ எதால அடிக்கற?”

“நான் அடிக்க மாட்டேன். அடிபட்டவங்களுக்கு மருந்து போடுவேன்.”

“மருந்து போட்டா?”

“எழுந்து போயி திரும்ப சுடுவாங்க.”

“அப்போ சுட்ட பாவத்துல பாதி உனுக்குதான்.”

சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் முகம் சுருங்கிப் போனது. மறுநாளிலிருந்து எதிர்க்கட்சி ஆட்களுக்கும் மருந்து போட ஆரம்பித்துவிட்டாள். மாடியிலிருந்து ஒரே கூச்சல். மாட்டலைக் கழற்றி வைத்துவிட்டாள் போல, திண்டிவனத்துப் பையன் குரலும் கீழே கேட்டது.

“அக்கா, அவன் நம்ம எதிரி அக்கா!”

“அடிபட்டுக் கெடக்கறான்டா.”

“அடிச்சதே நான்தான் அக்கா!”

அவள் எந்த விளையாட்டையும் கடைசிவரை முடித்ததே இல்லை. சுற்றிப் போவாள், ஒளிந்து போவாள், சுவர் ஏறிக் குதிப்பாள். எங்கேயாவது ஓர் இடத்தில் ஒரு காவல்காரன் நிற்பான். அவனைக் கொன்றால்தான் கதவு திறக்கும். அங்கே கையை எடுத்துவிடுவாள். “அந்தக் கதவுக்கு அப்பால இன்னா இருக்குதுன்னு எனுக்குத் தெரியவே தெரியாது ஆயா” என்று ஒருநாள் சொன்னாள். ஊர்க்கதை மொத்தத்தையும் சொல்லி முடிக்கிறவளிடம் இந்த ஒன்றுக்கு மட்டும் முடிவு இல்லை. எனக்கே என்னவோ போல் ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் அது வந்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று மலைக்கோட்டை விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. கடைக்கு வருவதற்கு முன்னால் நாலு பேரை விட்டு விளையாடச் சொல்லி, எங்கே இடிக்கிறது, எங்கே ஒழுகுகிறது என்று கேட்பார்களாம். பீட்டா என்று அதற்குப் பேர். இவர்கள் நாலு பேருக்கும் அழைப்பு வந்துவிட்டது. ஆனால் உள்ளே நுழையுமுன் நிபந்தனைகளுக்கு ஒத்துக்கொள்ள வேண்டும்.

நான் படியில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தேன். அவள் மேல்படியில் உட்கார்ந்து, போனை சத்தமாக வைத்து, மற்ற மூவருக்கும் அந்த நிபந்தனைகளைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள்.

“விளையாட்டோட பேர யாருக்கும் சொல்லக்கூடாதாம். நல்லா இருக்குதுன்னும் சொல்லக்கூடாது, நல்லா இல்லன்னும் சொல்லக்கூடாது. விளையாடறோம்னே சொல்லக்கூடாது.”

“இதெல்லாம் யாருக்கா படிக்கறாங்க?” இது திண்டிவனம். “கீழ போயி ஒத்துக்கிறேன்னு அமுக்கு. அவ்ளோதான்.”

“இருடா. நம்ம கம்ப்யூட்டர்ல இன்னா ஓடுதுன்னு அவங்க பாப்பாங்களாம்.”

“எங்க பாப்பாங்க?” ஆரணி பதறினாள். “எங்க வூட்டு போட்டோ, என் நாத்தனார் பத்தி நான் பேசி வெச்சது எல்லாம் அதுலதான இருக்குது!”

“நாம சொல்ற யோசனை எதுவா இருந்தாலும் அவங்களுதாம். எந்தக் காலத்துக்கும், ஒலகம் முழுக்க.”

விழுப்புரத்தார் இருமினார். “ஓசியில வேலை நாம செய்யணும். மூளை நம்முது. வெளிய சொன்னா குத்தம். இன்னா நியாயம்மா இது? என் பட்டறையில ஒருத்தனை இப்படி வெச்சா ஸ்பேனராலயே அடிப்பான்.”

“எப்ப வேணா காரணம் சொல்லாம தொரத்துவாங்களாம். கேஸு போடணும்னா அவங்க ஊருக்குதான் போவணுமாம்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “ஏண்டி, வூடு வாடகைக்கி வுட்ட நானே ஆணி அடிக்காதேன்னு ஒண்ணுதான சொன்னேன்? கல்யாண வூட்டுல சாம்பார்ல உப்பு பாக்கக் கூப்ட்டுட்டு, உப்பு கரிக்குதுன்னு வெளிய சொன்னா போலீசுன்னா யாரு வருவா?”

போனில் மூன்று பேரும் சிரித்தார்கள். “ஆயா சொல்றதுதான் பாயிண்டு” என்றார் விழுப்புரத்தார்.

கடைசி வரியைப் படித்துவிட்டு அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த நிபந்தனைகளையும் வெளியே சொல்லக்கூடாது என்று அதில் போட்டிருந்தது. அதற்குள் எதிர்வீட்டு இட்லிக்கடைக்காரி வரைக்கும் கேட்டு முடித்துவிட்டாள்.

ஆரணி ஒத்துக்கொள்ளவில்லை, விலகிவிட்டாள். திண்டிவனம் படிக்காமலே அமுக்கினான். விழுப்புரத்தார் கம்பெனியைத் திட்டிக்கொண்டே அமுக்கினார். இவள் மட்டும் விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“வாணாம் வுடு கண்ணு. கம்முனு இருக்க உன்னால ஆவாது.”

“இல்ல ஆயா. கொல்லாம போறதுக்கு ஒரு வழி வையுங்கன்னு அவங்களுக்கு சொல்லணும். வெளிய நின்னு சொன்னா யாரு கேப்பா? ஒரே ஒரு விளையாட்டையாவது நான் முடிக்கணும் ஆயா.”

அமுக்கிவிட்டாள்.

அன்றோடு மாடியில் சத்தம் நின்றது.

இதைப் பேசலாம், அதைப் பேசக்கூடாது என்று பிரித்து வைக்க அவளுக்குத் தெரியாது. வாயைத் திறந்தால் எல்லாம் வந்துவிடும். அதனால் மொத்தமாக மூடிக்கொண்டாள். கரண்ட் போனது, வந்தது. குரல் வரவில்லை. பால்காரர் பாலில் தண்ணீர் கலந்ததைக் கண்ணால் பார்த்தாள். பார்த்துவிட்டு மேலே போய்விட்டாள். பால்காரரே பயந்துபோய் மறுநாள் நல்ல பால் ஊற்றினார்.

மாமியார் என்னிடம் வந்து நின்றார். “அக்கா, ரூம சாத்திகினு கையக் கைய ஆட்டறா. கேட்டா தலைய மட்டும் அசைக்கறா. எனுக்கு பயமா இருக்குது.”

நான் இருந்ததைச் சொன்னேன். மந்தம் இல்லாத காதுப் பக்கமாக நின்று சொன்னேன். “விளையாட்டுக்கு ஒத்துகினு இருக்கறா. பேசக் கூடாதாம்.”

“விளையாட்டுக்கு யாராவது வாய மூடுவாங்களாக்கா? சொல்லுங்க.”

தெருவில் இருந்தவர்கள் பதில் வைத்திருந்தார்கள். பேய்தான் பிடித்திருக்கிறது, அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்கு இட்டுப் போங்கள் என்றார்கள். மாமியார், “எங்கள்ல அதெல்லாம் போற வழக்கம் இல்லக்கா. நீங்க இட்டுகினு போனா நான் கண்டுக்க மாட்டேன்” என்றார். எனக்கும் அங்காளம்மனுக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. துணைக்கு ஆள் கிடைத்ததே என்று கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டில் போய்ப் பார்த்தால், குடையோடு மாமியார் எங்களுக்கு முன்னால் நிற்கிறார். “கூட்டத்துல பொண்ணு தொலைஞ்சிட்டா யாரு பதில் சொல்றது?”

அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேய் இல்லை என்று சொன்னால், பின்னே என்ன என்று கேட்பார்கள். அதைச் சொல்ல முடியாது. அதனால் அமாவாசை ஸ்பெஷல் பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டாள்.

கோயிலுக்கு வெளியே, பொரிகடலைக் கடைகளைத் தாண்டி ஓர் உடுக்கைக்காரர் உட்கார்ந்திருந்தார். இவள் கையில் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து எதிரே உட்கார வைத்தார். உடுக்கை பேச ஆரம்பித்தது. சுற்றிலும் கூட்டம் சேர்ந்தது.

“யாரு நீ? சொல்லு!”

இவள் வாயே திறக்கவில்லை.

“எங்க புடிச்ச இந்தப் பொண்ண? கெணத்தாண்டையா? புளியமரத்தாண்டையா? சொல்லு!”

உடுக்கை உச்சத்துக்குப் போனது. இவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மெதுவாகச் சொன்னாள்: “சொல்லக்கூடாதுங்க.”

“ஏன் கூடாது?”

“ஒத்துக்கிட்டேன்.”

“யாருகிட்ட?”

“அதயும் சொல்லக்கூடாதுங்க.”

உடுக்கைக்காரர் உடுக்கையைக் கீழே வைத்துவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “கோழி கேக்கும், சேலை கேக்கும், பாவாடை கேக்கும். அதட்டுனா ஊரு பேரு சொல்லும். இப்படி ஒண்ண நான் பாத்ததே இல்ல” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு அவளிடம் குனிந்து, வேறு குரலில் கேட்டார்: “எத்தினி நாளைக்கி தாயி?”

“முடிவே கெடயாதுங்க.”

அவர் எலுமிச்சம்பழத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மாமியாரைப் பார்த்து, “இது பேய் இல்லம்மா. இந்தப் பொண்ணு எங்கியோ போயி வார்த்த குடுத்துட்டு மாட்டிகினு இருக்குது. கஞ்சி ஊத்தி தூங்க வையி” என்றார். நான் சொன்னபோது நம்பாத மாமியார், உடுக்கையோடு சொன்னதும் நம்பிவிட்டார். அடுத்த முறை யாருக்காவது எதையாவது சொல்வதென்றால் கையில் ஒரு உடுக்கை வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் மாமியார் தூங்கிவிட்டார். செஞ்சிக்கு முன்னாலேயே கோட்டை மலை தெரிய ஆரம்பித்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த மாசத்திலேயே முதல் முறையாக அவளாக வாயைத் திறந்தாள்.

“ஆயா, சின்ன வயசுல கோட்டைக்குள்ள போவீங்களா?”

“சீத்தாப்பழம் பறிக்கப் போவேன். ஏன்?”

“காவக்காரன் வுட மாட்டானே.”

“மாட்டான்தான். கம்ப எடுத்துகினு தொரத்துவான். ஆனா ஆட்டைத் தொரத்துற அளவுக்கு அவனுக்குக் காலு இல்ல. என்கிட்ட காது அறுந்த வெள்ளாடு ஒண்ணு இருந்துது, சரியான திருடி. அத மொதல்ல உள்ள வுட்டுடுவேன். அது பின்னாலியே எல்லாம் ஓடும். அவன் அங்கிருந்து, ‘ஏ பொண்ணே, வந்து உன் ஆட்ட ஓட்டுடி’ன்னு கத்துவான். அவனே கூப்டறான், போவாம இருக்கலாமா? போனவ ஆட்டயும் ஓட்டுவேன், மடி நெறய பழத்தயும் ஓட்டுவேன்.”

அவள் என்னையே பார்த்தாள். ஆட்டுக்கு எந்தக் காது அறுந்தது என்று கேட்டாள். இடது காது என்றேன். காவல்காரன் என்ன சொல்லிக் கத்துவான் என்று திரும்பக் கேட்டாள்.

“எதுக்குடி கேக்கற?”

“சும்மா ஆயா” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் ‘சும்மா’ என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் மாடியிலிருந்து அலறல் கேட்டது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஏறிப் போனால், போனில் திண்டிவனத்தை வறுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பையன் விளையாட்டைச் செல்போனில் படம் எடுத்து ஊருக்கே போட்டுவிட்டானாம். கம்பெனி அவன் குழுவில் இருந்த எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது.

“பேய் ஓட்டறவரு உடுக்கை அடிச்சிக் கேட்டாரு, அப்பகூட நான் சொல்லலடா! நீ படம் புடிச்சா போட்டே?”

“எல்லாரும்தான் போடறாங்க அக்கா. இதப் போயி நெசமா எடுத்துப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?”

விழுப்புரத்தார் காரணம் கேட்டு எழுதியிருக்கிறார். காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்களே என்று பதில் வந்ததாம். ஆரணி மட்டும் நடுவில் புகுந்து, “நான் அன்னிக்கே சொன்னேன்ல” என்று நாலு தடவை சொன்னாள். அவளுக்கு அன்றைக்குத்தான் தீபாவளி.

போனை வைத்ததும் கேட்டேன். “நீ சொல்ல வேண்டியத சொல்லிட்டியா அவங்களுக்கு?”

“அனுப்பிட்டேன் ஆயா. படிச்சாங்களான்னுகூட தெரியாது.”

“இன்னா அனுப்புன?”

வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

“தொரத்திட்டாங்களேடி. இனிமே இன்னா?”

“தொரத்துனாலும் அந்த வார்த்த செல்லுமாம் ஆயா. அதுல போட்டிருக்குது.”

அப்புறம் பழையபடி பேச ஆரம்பித்தாள். பால்காரர் மாட்டிக்கொண்டார். வீட்டுக்காரர் கட்டுப்பல்லைக் கழுவக் கொடுத்த கதையெல்லாம் வந்தது. ஆனால் அந்த விளையாட்டு மட்டும் வரவில்லை. நானும் குடைந்து பார்த்தேன், சீண்டினேன், பாயசம் வைத்துக் கொடுத்தேன். பாயசம்தான் தீர்ந்தது.

பிறகு வீட்டுக்காரருக்கு ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். வண்டி கிளம்பும்போதும் பேசிக்கொண்டேதான் போனாள். திருப்பத்தில் மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் குரல் கேட்டது. இப்போது மாடியில் இருக்கும் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் காப்பி வேண்டும் என்பதைக்கூடப் போனில் தட்டித்தான் கேட்டுக்கொள்கிறார்கள். கரண்ட் போனால் தானாகப் போகிறது, தானாக வருகிறது. நான் இருட்டில் உட்கார்ந்து மாடியையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன கார்த்திகைக்குக் கொஞ்சம் முன்னால் வீடியோவில் கூப்பிட்டாள். நான் “இன்னாடி, எளச்சிட்ட” என்றேன். போனை அப்படியே கம்ப்யூட்டர் பக்கம் திருப்பினாள்.

ஒரு கோட்டை வாசல். கையில் ஈட்டியோடு ஒரு காவல்காரன். அந்தப் பக்கத்திலிருந்து பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பெண் வருகிறாள். அவளுக்கு முன்னால் ஒரு ஆட்டு மந்தை. முதல் ஆடு காவல்காரன் காலுக்கிடையில் புகுந்து உள்ளே ஓடுகிறது. வெள்ளாடு. இடது காது அறுந்திருக்கிறது.

காவல்காரன் ஏதோ இங்கிலீஷில் கத்தினான். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அவன் என்ன சொன்னான் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

அந்தப் பெண் உள்ளே போனாள். யாரும் சாகவில்லை. கதவுக்கு அப்பால் படி, படிக்கு மேலே மண்டபம், மண்டபத்துக்கு மேலே வானம். பாட்டு ஒன்று வந்தது. அப்புறம் அதைச் செய்தவர்களின் பேர்கள் வரிசையாக மேலே ஏறிக்கொண்டே போயின.

“முடிச்சிட்டேன் ஆயா” என்றாள். கடையில் காசு கொடுத்து வாங்கி விளையாடியதால் அந்த அளவுக்குச் சொல்லலாம் போலிருக்கிறது.

“உன் பேரு எங்கடி? எப்ப வரும்?”

பேர்கள் எல்லாம் ஏறி முடிந்தன. திரை கறுப்பானது. அவள் போனைத் தன் பக்கம் திருப்பினாள். சிரித்துக்கொண்டிருந்தாள், மூக்கு சிவந்திருந்தது. ஒரு விரலை எடுத்து உதட்டின் மேல் வைத்துக்கொண்டாள். உலகத்தில் ஒரு காரியம் அவளால் நடந்திருக்கிறது. அதைச் சொல்ல முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள், எங்கள் மாடி வீட்டுக்காரி.

அவள் பேரை நானும் இங்கே சொல்லவில்லை. விளையாட்டின் பேரையும் சொல்லவில்லை. அது அவள் கொடுத்த வார்த்தை, அப்படியே இருக்கட்டும். ஆனால் நான் எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை, எதையும் அமுக்கவில்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. அந்தக் காது அறுந்த ஆடு என்னுடையது. கம்பெனிக்காரர்கள் அதை அவர்கள் கோட்டைக்குள் விட்டுவிட்டார்கள். ஆடு எங்கே நுழைந்தாலும் பின்னாலேயே போய்த்தான் எனக்குப் பழக்கம்.